நோன்பு மாசத்தில் போட்ட டிவிஷன்

டிவிஷன் போடும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். நான் ஏழாவது வரை படித்தவன். நீளமாக எழுத வராது. தப்புச் செய்ததை எழுதுகிறேன். சரியாகச் செய்ததை எழுதினால் எனக்குத்தான் சந்தோஷம், உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது.

வேலை இன்னது என்று உங்களுக்குத் தெரியும். கோடை லீவில் பையன்கள் ஹாக்கி லீக். அப்போது பதினெட்டு டீம். பலமான ஆறு ஏ, நடுவில் ஆறு பி, மிச்சம் ஆறு சி. லீக் தொடங்கும் முன் ஒவ்வொரு டீமையும் இரண்டு சின்ன மேட்ச் ஆடவிட்டுப் பார்ப்போம். பார்த்துப் பிரிப்போம். பேப்பரில் எழுதி போர்டில் ஒட்டுவோம். எல்லாரையும் ஜெயிக்க வைக்க முடியாது. எல்லாரும் ஏறக்குறைய ஒரே அளவு தோற்கும்படி செய்யலாம். அதுதான் வேலை.

நான் கிரவுண்டில் சுண்ணாம்புக் கோடு போட்டு ரோலர் இழுத்துக்கொண்டிருந்தவன். கமிட்டியில் இருந்தவர்கள் எல்லாருக்கும் ஒரு டீமில் ஆள் இருந்தான். ஒருவருக்கு மகன், ஒருவருக்கு மச்சான் மகன். எனக்கு இரண்டும் பெண். இரண்டுக்கும் ஹாக்கி என்றால் தூக்கம் வரும். அதனால் லீக் செக்ரட்டரி என்னைக் கூப்பிட்டார்.

"இனிமே நீ போடுப்பா டிவிஷன். உன்னை யாரும் குறை சொல்ல முடியாது."

சொன்னார்கள். முதல் நாளே சொன்னார்கள்.

எனக்கு நானே ஒரு சட்டம் வைத்துக்கொண்டேன். கோச் பேசுவதைக் கேட்கக் கூடாது. கண் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். காரணம் இருந்தது. பலமான டீமின் கோச் வந்து அழுவார். "எங்க பசங்க ரொம்ப வீக்குண்ணா, சி-யிலே போட்டுடு, புண்ணியமாப் போவும்." சி-யில் போட்டால் கப் அவருக்கு. நோஞ்சான் டீமின் கோச் நெஞ்சை நிமிர்த்துவார். "ஏ-யிலே போடுங்க சார், எங்க ஸ்கூல் கௌரவம்." ஏ-யில் போட்டால் கௌரவம் பிழைக்கும், பையன்கள் நொறுங்குவார்கள்.

ஒருமுறை பதினாலு வயசுக்குக் கீழ் ஆடும் டீமில் ஒரு பையன் வந்தான். மேலுதடு பச்சையாக இருந்தது.

"தம்பி, மீசை எப்ப எடுத்தே?"

"காலையிலேண்ணா."

கோச் பாய்ந்து வந்தார். "சார், அவங்க வம்சமே அப்படி சார். அவங்க பாட்டிக்கே மீசை."

இன்னொருமுறை ஒரு டீம் நாலு கோலில் தோற்றது. தோற்ற பையன்கள் சண்டை போடுவார்கள். நீதான் பாலை விட்டே, நான் இல்லே என்பார்கள். இவர்கள் ஐஸ் கேண்டி வாங்கிச் சப்பிக்கொண்டு சிரித்துக்கொண்டு போனார்கள். ஏ-யில் போட்டேன்.

"நாலு கோல்லே தோத்த டீமை ஏ-யிலே போடறியே, நியாயமா?" என்று கோச் வந்தார்.

"ஐஸ் கேண்டி நல்லா இருந்துச்சா சார்?" என்றேன். போய்விட்டார்.

இப்படி இரண்டு மூன்று தடவை சரியாக வந்ததும் எனக்கு என் கண்மேல் நம்பிக்கை ஏறிவிட்டது. அங்கேதான் விழுந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். வருஷம் சரியாக நினைவில்லை. பரீட்சை முடிந்த வாரம், மார்ச் கடைசி. கிரவுண்டு மதியம்தான் காலியாகக் கிடைத்தது. மூன்று மணிக்கு மேட்ச் வைத்தேன். வெயில் மண்ணிலிருந்து மேலே வந்தது.

அன்று பிரேசர் டவுன் டீம் ஆடியது. அதை நடத்தியவர் கரீம் பாய். ஆட்டோவுக்கு சீட் தைக்கிற கடை வைத்திருந்தார். அவரும் என்னைப் போலப் பேச்சுக் குறைந்த ஆள். பையன்கள் முதல் ஐந்து நிமிஷம் நன்றாக ஓடினார்கள். பிறகு நின்றுவிட்டார்கள். பால் பக்கத்தில் போனால்கூடத் திரும்பிப் பார்த்ததோடு சரி, துரத்தவில்லை. இரண்டு மேட்சும் தோல்வி. முடிந்ததும் சுவரோரம் நிழலில் உட்கார்ந்தார்கள். நான் மக்கில் தண்ணீர் பிடித்து நீட்டினேன்.

"பரவாயில்லைண்ணா" என்றான் ஒருத்தன்.

நல்ல பையன்கள், மூச்சு இல்லை, சி டிவிஷன். மனசுக்குள் எழுதிவிட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் ஒரு கூட்டாளியோடு பிரேசர் டவுன் போனேன். நோன்பு மாசத்தில் அங்கே ரோடு முழுக்கக் கடை போடுவார்கள். சமோசா வாங்கினேன். அதைத் தின்றுகொண்டே, அந்தக் கடை பெஞ்சிலேயே உட்கார்ந்து, பிரேசர் டவுன் பையன்களை சி-யில் எழுதினேன். பேப்பரில் எண்ணெய்க் கறை இருந்தது. அதோடுதான் போர்டில் ஒட்டினேன்.

சிரிக்கிறீர்கள். எனக்கும் இப்போது சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

ரம்ஜான் முடிந்து ஒரு வாரம் கழித்து லீக் தொடங்கியது. முதல் ஞாயிறு, சி டிவிஷன், பிரேசர் டவுனுக்கும் ஒக்கலிபுரத்துக்கும் மேட்ச்.

ஒக்கலிபுரம் டீமை நடத்தியவர் சரோஜா. ரயில் பெட்டி கழுவுகிற வேலை. ஸ்டேஷனில் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து தெருப் பையன்களைத் திரட்டுவார். ஆம்பிளைகள் யாரும் முன்வராததால் அவரே ஒரு விசில் வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். அவர் டீமில் கோல் காக்கிற கோலி சேகர், பன்னிரண்டு வயசு. காலில் கட்டும் பேட் தொடை வரை வரும். அவன் நடந்தால் பீரோ நடந்து வருவது போல இருக்கும்.

ஹாஃப் டைமுக்குள் ஏழு கோல்.

எனக்கு நம்ப முடியவில்லை. ஆள் மாற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன். போட்டோ கார்டை வாங்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அதே பதினொரு பேர். அப்படியென்றால் மார்ச்சில் வேண்டுமென்றே தோற்றிருக்கிறார்கள். நேரே கரீம் பாயிடம் போனேன்.

"என்ன பாய், அன்னிக்கு வேணும்னே தோத்தீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. அதுதான் என்னைச் சுட்டது.

"அன்னிக்கு என்ன மாசம்ணா?"

அவர் பையன்கள் குழாயடியில் முட்டிக்கொண்டு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். தலையில் ஊற்றிக்கொண்டார்கள். மறுபடி குடித்தார்கள். அந்த மூன்று மணி வெயிலில் இதே குழாயடிக்கு இவர்களில் ஒருத்தனும் வரவில்லை. பதினொரு பேரில் ஒன்பது பேர் நோன்பு. மிச்சம் இரண்டு பேர் கிறிஸ்தவப் பையன்கள். கூட்டாளிகள் குடிக்காதபோது நாம் எப்படிக் குடிப்பது என்று அவர்களும் குடிக்கவில்லை. இதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

"ஏன் பாய் சொல்லலே?"

"நீங்க கேக்கலியே."

"சொல்லியிருக்கலாமில்லே?"

"நோன்பு வெக்கறது சாக்கு சொல்றதுக்காண்ணா?"

போட்டோ கார்டுகளைத் திருப்பிக் கொடுத்தேன். அவரே சொன்னார். "ஒக்கலிபுரம் பசங்களைப் பாத்தா எனக்கும் கஷ்டமாதான் இருக்கு. மெதுவா ஆடுங்கடான்னு சொல்றேன். கேக்க மாட்றானுங்க. ஒரு மாசம் கட்டி வெச்ச கன்னுக்குட்டிங்க."

பதிமூன்று கோல். சேகர் கடைசி வரை கோலில் நின்றான்.

அப்போதே மாற்றியிருக்க வேண்டும். மாற்றவில்லை. ஒட்டின பேப்பரை நான் எடுத்ததே கிடையாது. ஒன்றை எடுத்தால் எல்லாரும் எடுக்கச் சொல்வார்கள் என்ற பயம். ஒரு வாரம் சும்மா இருந்தேன். முதல் தப்பு தெரியாமல் செய்தது. இந்த ஒரு வாரம் தெரிந்து செய்தது. உங்களுக்கு எழுதும்போது இதைத்தான் அடிக்கோடு போட்டு எழுதுகிறேன்.

இரண்டாவது ஞாயிறு ஒக்கலிபுரம் டீம் வரவில்லை. சரோஜாவும் சேகரும் மட்டும் வந்தார்கள். சேகர் பேடைக் கட்டிக்கொண்டே பஸ்ஸில் வந்திருந்தான். சீட்டில் உட்கார முடியாமல் வழியெல்லாம் நின்றுகொண்டே வந்தானாம்.

"எங்கேம்மா மத்தவங்க?"

"வர்லண்ணா. கிரிக்கெட் ஆடப் பூட்டானுங்க. அதுலே பதிமூணு கோல் வாங்க முடியாதாம்."

ஏழு பேர் இல்லாவிட்டால் மேட்ச் கிடையாது. எதிர் டீமுக்கு வாக்ஓவர், ஆடாமலே ஜெயம். இரண்டு தடவை அப்படி ஆனால் டீம் லீக்கிலிருந்து வெளியே. அவருக்கும் தெரியும்.

"இன்னொரு தபா இப்டி ஆச்சுன்னா எங்கள எடுத்துடுவீங்களா?"

"சட்டம் அதாம்மா."

"சட்டம் யாரு போட்டது?"

"கமிட்டி."

"எங்கள பாய் பசங்களோட போட்டது?"

"நான்."

"அப்ப அத நீதானே எடுக்கணும்."

"அந்தப் பதிமூணு கோலை கணக்குலேருந்து எடுத்துடறேன். அந்த மேட்ச் நடக்கலேன்னு வெச்சுக்கலாம்" என்றேன்.

"நடக்கலியா? இவன் முட்டியப் பாரு. நடக்கலேன்னு அதுகிட்டே சொல்லு."

சேகர் பேடை அவிழ்த்துக் காட்டினான். பெருமையாகக் காட்டினான்.

செக்ரட்டரியிடம் போனேன். பிரேசர் டவுனை பி-க்கு ஏற்ற வேண்டும், பி-யில் ஏழு டீம் ஆகும், சி-யில் ஐந்து ஆகும், இரண்டு மூன்று ஞாயிறு கூடும் என்றேன்.

"சும்னிரப்பா" என்றார், சும்மா இருப்பா என்று. அவர் கன்னடக்காரர், என்னோடு தமிழில் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் கன்னடம் வரும். "பேப்பர் ஒட்டியாச்சு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"அடுத்த வருஷம் ஒக்கலிபுரம் இருக்காது சார்."

கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். "பாய் ஒத்துக்கிட்டா மாத்து. ஒத்துக்கலேன்னா விட்டுடு. அவங்க ஒரு தப்பும் பண்ணலே. ஜெயிச்சவங்களைத் தண்டிக்க முடியாது."

அது நியாயம். அதுதான் கஷ்டமும். பிரேசர் டவுன் பையன்கள் அதுவரை ஒரு கப்பும் வாங்கியதில்லை. சி-யில் இருந்தால் அந்த வருஷம் கப் அவர்களுக்கு. நான் போய் அதை விடச் சொல்ல வேண்டும்.

கரீம் பாய் கடைக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். தையல் மெஷினை நிறுத்தினார். "ஆடறது அவங்க. அவங்ககிட்டே கேளுங்க" என்று பையன்களை வரச் சொன்னார். தைத்து முடித்த ஆட்டோ சீட்களின்மேல் வரிசையாக உட்கார்ந்தார்கள். கேப்டன் நயாஸ், பதிமூன்று வயசு, முன்னால் உட்கார்ந்தான்.

"தப்பு என்னுது. நீங்க பி-லே ஆட வேண்டிய டீம். சி-லே போட்டுட்டேன். இப்ப மாத்தணும். நீங்க சரின்னாதான் மாத்துவேன்."

"சி-லே எங்களுக்குக் கப் வரும்ணா" என்றான் நயாஸ்.

"வரும்."

"பி-லே?"

"வராது."

"ஒரேயடியா வராதுன்றீங்களே!"

"கேட்டே. சொன்னேன்."

பின்னால் இருந்து ஒருத்தன், "நக்கோ டா, வேணாம், கப் கையிலே இருக்கு, ஏன் விடணும்?" என்றான். இன்னொருத்தன், "எங்க அம்மா அலமாரியிலே இடமே ஒதுக்கிட்டாங்க" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். கரீம் பாய் சிரிக்கவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"மாட்டோம்னா என்ன பண்ணுவீங்க?" என்று நயாஸ் கேட்டான்.

"ஒண்ணும் பண்ண மாட்டேன். ஆடுங்க. ஒக்கலிபுரம் டீம் போயிடும். அப்புறம் இன்னொரு டீம் வராது. கப் வாங்கறன்னிக்கு எதிர்லே யார் நிப்பாங்கன்னு எனக்குத் தெரியாது."

கிறிஸ்தவப் பையன்களில் ஒருத்தன் மெதுவாகச் சொன்னான். "அந்தக் கோலி என்னைக் கேட்டான்டா. இன்னும் எத்தினி அடிப்பீங்கன்னு. அஞ்சு கோல்லேயே கேட்டான்."

"நீ என்னா சொன்னே?"

"தெரியலேன்னேன்."

தங்களுக்குள் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். கொஞ்சம் தமிழ், கொஞ்சம் உருது, கொஞ்சம் அடிதடி. பிறகு நயாஸ் எழுந்து நின்றான்.

"பி-க்கு வரோம். ஆனா ஒண்ணு. நாங்க வேணும்னே தோத்து சி-க்கு வந்தோம்னு எல்லா டீமும் பேசறாங்க. எங்களை ஃபோர் ட்வென்ட்டின்றாங்க. அது பொய்னு போர்டுலே எழுதுங்க. நீங்களே எழுதணும்."

கப்பைக் கேட்கவில்லை. வேறு எதையும் கேட்கவில்லை.

செக்ரட்டரி தலையில் கை வைத்தார். "நீயே தப்புன்னு எழுதி ஒட்டினா, நாளைக்கு எல்லா கோச்சும் வந்து நிப்பாங்க. அப்புறம் உன் பேச்சை யார் கேப்பாங்க?"

"நிக்கட்டும் சார்."

தமிழில் எழுதினேன். கன்னடத்திலும் எழுதினேன். இங்கிலீஷ் எனக்கு வராது, செக்ரட்டரியே முணுமுணுத்துக்கொண்டு எழுதிக் கொடுத்தார். மூன்று வரிதான்.

'பிரேசர் டவுன் பையன்கள் ஏமாற்றவில்லை. நோன்பு வைத்திருந்தவர்களுக்கு மதியம் மூன்று மணிக்கு மேட்ச் வைத்து சி-யில் போட்டது நான். தப்பு என்னுடையது, இனி அவர்கள் பி-யில் ஆடுவார்கள்.'

கீழே கையெழுத்துப் போட்டேன்.

செக்ரட்டரி சொன்னது நடந்தது. மறுநாளே கோச்சுகள் வந்தார்கள். ஒருவர் பையன்களுக்கு அம்மை போட்டிருந்தது என்றார். ஒருவர் அன்று அமாவாசை என்றார். இன்னொருவர் வந்து, "யுகாதி ஒப்பட்டு, அதான் போளி, தின்னுட்டு வந்தாங்க சார், ஓட முடியலே" என்றார்.

"யுகாதி அதுக்கு அப்புறம்தானே சார் வந்தது?"

"அவங்க வீட்டிலே முன்னாடியே சுட்டுட்டாங்க."

எல்லாரையும் உட்கார வைத்துக் கேட்டேன். ஒன்றையும் மாற்றவில்லை. ஆனால் கேட்டேன். முன்பு கேட்டிருக்க மாட்டேன். அதில் ஒன்று தெரிந்தது. வருகிறவர்கள் எல்லாம் பேசத் தெரிந்தவர்கள். வராதவர்களிடம் நாம்தான் போக வேண்டும். அடுத்த வருஷத்திலிருந்து பேப்பர் ஒட்டும் முன் வாயே திறக்காத கோச்சுகளைத் தேடிப் போய், "உன் பசங்க அன்னிக்கு நல்லா இருந்தாங்களா?" என்று கேட்டேன். ஒரு கேள்விதான். நீங்களும் கேளுங்கள். சின்ன மேட்சைக் காலையில் வையுங்கள்.

மூன்றாவது ஞாயிறு. பிரேசர் டவுன் முதலில் ஆடியது, பி-யில். இரண்டுக்கு ஒன்று தோல்வி. அந்த வருஷம் ஏழு டீமில் நாலாவதாக வந்தார்கள். கப் இல்லை. கரீம் பாய் பிறகு என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். "உங்களாலே என் கடை வேலை கெட்டுதுண்ணா. தோத்தப்புறம் தெனம் பிராக்டிஸ் வேணும்ன்றானுங்க. முன்னே வாரத்துக்கு ஒரு நாள்தான் வருவானுங்க."

அன்று மேட்ச் முடிந்தும் அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. ஒக்கலிபுரம் மேட்ச் காலை எட்டரைக்கு. பார்க்க உட்கார்ந்தார்கள்.

எட்டே காலுக்கு சரோஜா வந்தார். பின்னால் சேகர், இன்னும் மூன்று பேர். நாலு பேர்.

"மத்தவங்க?"

"எல்லார் ஊட்டுக்கும் போய்ச் சொன்னேண்ணா. அந்த டீம் மேலே பூட்ச்சு, வாங்கடான்னு. வரேன்னானுங்க. வரணும்."

எட்டு இருபதுக்கு ஒருத்தன் வந்தான். ஐந்து. அம்பயர் என்னைப் பார்த்தார். நான் வாட்சைப் பார்க்காமல் கோடு சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். எட்டு இருபத்தெட்டுக்கு கேட் பக்கம் சத்தம். ஐந்து பேர் ஓடி வந்தார்கள். ஒருத்தன் கையில் கிரிக்கெட் மட்டை.

"அத எதுக்குடா எடுத்துட்டு வந்தே?" என்று சரோஜா கத்தினார்.

"அவுட்டாகாமே அப்டியே வந்துட்டேன்க்கா!"

பத்துப் பேர். போதும். சரோஜா என் பக்கம் திரும்பாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மூன்றுக்கு இரண்டு தோற்றார்கள். பத்துப் பேரோடு ஆடி இரண்டு கோல் போட்டார்கள். ஒவ்வொரு கோலுக்கும் சரோஜா ஊதிய விசிலில் அம்பயருக்கே குழப்பம், ஆட்டத்தை நிறுத்திவிட்டார். பிரேசர் டவுன் பையன்கள் சேகரின் கோலுக்குப் பின்னால் உட்கார்ந்து, "லெஃப்ட்லே வரான் பாரு! காலை மூடு! ஷாபாஷ்!" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். நயாஸ்தான் அதிகம்.

முடிந்ததும் நான் வலையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். சேகர் பேடோடு அசைந்து அசைந்து வந்தான். முகமெல்லாம் செம்மண்.

"அண்ணா, எத்தினி வுட்டேன்?"

"மூணு."

"எத்தினி புட்ச்சேன்?"

"எண்ணலேப்பா."

"நான் எண்ணினேன். பதினேழு."

தலையாட்டினேன். அவன் போகவில்லை. ஸ்டிக்கால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றான்.

"என்னப்பா?"

"அடுத்த ஞாயித்துக்கிழம எத்தினி மணிக்குண்ணா எங்களுக்கு?"

சொன்னேன்.